வரைந்துகொண்டிருக்கும்போதே ஓவியத்தில் ஒரு குறியீடு தென்பட்டால்

மாலை நேரத்தில் தண்ணீர் ஓரம் நிற்கும் ஒரு மரத்தை ஆயில் பெயின்டில் வரைந்துகொண்டிருக்கிறீர்கள். பாதி வேலை முடிந்த நிலையில், இரண்டு பெரிய கிளைகளுக்கு நடுவே விட்டிருந்த வெளிச்சப் பகுதி, கைகூப்பி உட்கார்ந்திருக்கும் ஓர் உருவம் போலத் தெரிந்திருக்கிறது. சூரியனுக்காக வைத்த வட்டம் அதன் தலைக்குப் பின்னால் ஒளிவட்டமாக அமைந்துவிட்டது. எதையும் நீங்கள் திட்டமிடவில்லை. இது என் மனம் செய்த வேலையா, வேறெங்கிருந்தோ வந்ததா, பறவைகள் மூன்றாக அமைந்ததற்கு அர்த்தம் உண்டா, அந்த உருவத்தை இன்னும் தெளிவாக வரைந்துவிடலாமா, மற்றவர்களுக்குக் காட்டும்போது விளக்கம் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் ஐந்தாக இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: நான் பார்த்ததை நம்பலாமா, இல்லை என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா?

நான் பல வருடங்களாக வரைகிறேன், வரையக் கற்றும் கொடுக்கிறேன். ஆன்மிகத்தில் யாருக்கும் வழிகாட்டும் தகுதி எனக்கு இல்லை. அதனால் கேன்வாஸில் நடப்பதைப் பற்றிக் கொஞ்சம் தைரியமாகவும், அதற்கு அப்பால் இருப்பதைப் பற்றித் தயக்கத்தோடும்தான் பேசுவேன்.

உங்களுக்கு நடந்தது அபூர்வம் இல்லை. கற்றுக்கொள்பவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், அதுவும் பெரும்பாலும் ஒரே கட்டத்தில். முதல் வாஷ், அதாவது மெல்லிய முதல் பூச்சு, காய்ந்திருக்கும். வெளிச்சம், இருட்டு என்று பெரிய பகுதிகள் பிரிந்திருக்கும். விவரங்கள் இன்னும் வந்திருக்காது. கிளை முழுசாகக் கிளையாகவில்லை, வானமும் வானமாகவில்லை. கேன்வாஸ் முழுக்கப் பெயர் வைக்காத திட்டுகள். கண் தன் இஷ்டத்துக்கு எதையும் சேர்த்துப் பார்க்கக்கூடிய நேரம் அது. இலைகளை ஒவ்வொன்றாக வைத்து முடித்த பிறகு இதே உருவத்தைக் கண்டுபிடிப்பவர்கள் மிகக் குறைவு.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது என்ன? தெளிவில்லாத திட்டுகளில் உருவம் காண்பது மூளையின் இயல்பு. இரண்டு புள்ளியும் கீழே ஒரு கோடும் போட்டால் முகம் வந்துவிடுகிறது; அதை முகமாகப் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம். மனநல மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷாக் 1921-ல் வெளியிட்ட பத்து மைக்கறை அட்டைகள் இந்த இயல்பை நம்பி உருவானவைதான். அவருக்கு நானூறு வருடங்களுக்கு முன்பே லியொனார்டோ டா வின்சி, கறை படிந்த சுவர்களை உற்றுப் பார்க்கும்படி ஓவியர்களுக்கு எழுதிவைத்தார். மலையும் ஆறும் சண்டை போடும் ஆட்களும் அதில் தெரிவார்கள் என்றார். ஆனால் அவரே இன்னொரு இடத்தில் ஒரு குட்டும் வைக்கிறார். நிறத்தில் தோய்த்த ஸ்பாஞ்சைச் சுவரில் எறிந்தாலே ஒரு நிலக்காட்சி கிடைத்துவிடும் என்று போத்திச்செல்லி சொன்னாராம். கறை உனக்குப் புதுக் கற்பனையைத் தரும், ஆனால் எதையும் முடிக்கக் கற்றுத் தராது என்பது லியொனார்டோவின் பதில். கூடவே, அந்த மனிதர் வரைந்த நிலக்காட்சிகள் ரொம்ப சுமார் என்றும் சேர்த்துக்கொண்டார். உங்கள் விஷயத்துக்கு லியொனார்டோவின் அந்தப் பதில் மிகவும் பொருந்தும். பின்னால் அதற்கு வருகிறேன்.

உங்கள் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனைக் கிளைகள் பிரியும் இடத்துக்குப் பின்னால் வைத்தீர்கள். நிலக்காட்சி வரைகிற பலரும் அப்படித்தான் வைப்பார்கள். பார்வை தானாக அங்கே போகும். மேலே ஒரு வட்டம், அதற்குக் கீழே அகன்று இறங்கும் வெளி. தலையும் தோளும் கிடைத்துவிட்டன. கிளையிலிருந்து கிளம்பும் இரண்டு சிறு கொப்புகள் நடுவில் சந்தித்தால் கூப்பிய கை ஆகிவிடுகிறது. நெகட்டிவ் ஸ்பேஸ் என்று நாங்கள் சொல்லும், பொருளைச் சுற்றி மிச்சமாகும் வெளியைப் பெரும்பாலும் யாரும் கவனித்து வரைவதில்லை. பிரஷ் கிளையைக் கவனிக்கும், நடுவில் இருப்பது தானாக ஒரு வடிவம் எடுத்துக்கொள்ளும். எதிர்பாராத உருவங்கள் பெரும்பாலும் அங்கேயே கிடைப்பதற்குக் காரணம் இதுதான்.

நினைவும் இதில் ஒரு கை கொடுக்கிறது. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், சம்மணமிட்ட உருவம் இவையெல்லாம் நாம் சிறு வயதிலிருந்து எத்தனையோ தடவை பார்த்தவை. நினைத்து வரையாவிட்டாலும் கைக்கு அந்த அளவுகள் பழக்கம். சில வடிவங்களுக்கு அந்தப் பழக்கம்கூடத் தேவையில்லை போலிருக்கிறது. குழந்தைக் கலையை ஆராய்ந்த ரோடா கெல்லாக் சிறு குழந்தைகளின் கிறுக்கல்களை லட்சக்கணக்கில் சேர்த்து ஆராய்ந்து, 1969-ல் வெளியான தன் புத்தகத்தில், வட்டத்துக்குள் குறுக்குக்கோடு போடும் மண்டல வடிவம் குழந்தைகளிடம் யாரும் சொல்லித் தராமலேயே வருகிறது என்று காட்டினார். உளவியலாளர் ஹைன்ரிக் க்ளூவர் 1920-களில் போதை மருந்தால் வரும் காட்சிகளை ஆராய்ந்தபோது வலைப்பின்னல், சிலந்திவலை, சுரங்கம், சுருள் என்ற நான்கு வகைக்குள்ளேயே அவை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். ஆக, வட்டமும் சுருளும் நம் பார்வை அமைப்பிலேயே எங்கோ உட்கார்ந்திருக்கின்றன.

இதைக் கேட்டதும் சிலர் 'அப்போ எல்லாம் வெறும் மூளை வேலைதானா' என்று சோர்ந்துவிடுவார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எப்படி வந்தது என்பதற்குக் கிடைக்கும் விளக்கம், அது உங்களுக்கு என்னவாக இருக்கிறது என்ற கேள்வியைத் தீர்த்துவிடுவதில்லை. உலகத்தின் மதங்கள் பலவும் வட்டத்தை எடுத்துக்கொண்டிருப்பதற்கு, அது ஏற்கெனவே நமக்குள் இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். இது என் ஊகம்தான். நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது.

வடிவம் ஒரு நேரத்தில் வருவதும் அதற்கான பொருள் இன்னொரு நேரத்தில் தெளிவாவதும் கலை வரலாற்றில் புதிதில்லை. ஆடவல்லானின், அதாவது நடராஜரின், செப்புத் திருமேனி பத்தாம் நூற்றாண்டில், சோழர் காலத்திலேயே, நாம் இன்று காணும் முழு வடிவத்துக்கு வந்துவிட்டது. துடியில் (உடுக்கையில்) படைப்பு, அமைத்த (அபயம் காட்டும்) கையில் காத்தல், நெருப்பில் அழிப்பு, ஊன்றிய காலில் மறைத்தல், தூக்கிய காலில் அருளல் என்று அங்கம் அங்கமாகப் பொருள் சொல்லும் 'உண்மை விளக்கம்' பதின்மூன்றாம் நூற்றாண்டு நூல். அதனால் சிற்பிக்கு இந்தப் பொருள் தெரியாது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. வாய்மொழியாக முன்பே வழங்கியிருக்கலாம். நம் கையில் உள்ள சான்றில் உருவத்துக்கும் அந்த விளக்கத்துக்கும் நடுவே இத்தனை இடைவெளி இருக்கிறது, அவ்வளவே. இன்னொரு பக்கம், பொருளே விலையிலிருந்து பிறந்ததும் உண்டு. ஐரோப்பிய ஓவியங்களில் மரியாளின் மேலாடை ஆழ்ந்த நீலமாக இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், அந்த நீலம் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷானில் தோண்டிய லாபிஸ் லசூலி என்ற நீல நிறக் கல்லை அரைத்துச் செய்தது என்பதும், மிகவும் விலை உயர்ந்த நிறங்களில் ஒன்று என்பதும்தான். உயர்ந்த சரக்கை உயர்ந்தவருக்கு வைத்தார்கள். விண்ணின் தூய்மை என்பது போன்ற வியாக்கியானங்களும் அதோடு சேர்ந்துகொண்டன.

உங்கள் அனுபவத்துக்கு மிக அருகில் வருபவர்கள் என்றால் இரண்டு பேரைச் சொல்வேன். ஒருவர் ஸ்வீடனின் ஹில்மா ஆஃப் கிளிண்ட் (1862–1944). ஸ்டாக்ஹோமின் ராயல் அகாடமியில் முறையாகப் பயின்று, நிலக்காட்சியும் முகச்சித்திரமும் நன்றாக வரைந்தவர். 1906 முதல் 1915 வரை, நடுவில் நான்கு வருட இடைவெளி விட்டு, 'கோயிலுக்கான ஓவியங்கள்' என்ற பெயரில் 193 படங்கள் வரைந்தார். 1907-ல் வரைந்த பத்துப் பெரிய படங்கள் ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். அந்தப் படங்கள் தன் வழியாக வரையப்பட்டன, அவை எதைக் குறிக்கின்றன என்று வரையும்போது தனக்குத் தெரியாது என்று எழுதிவைத்திருக்கிறார். அவர் வரைந்தார் என்பதும், அப்படி உணர்ந்தார் என்பதும் ஆவணம் உள்ள விஷயங்கள். வழிநடத்திய சக்தி எது என்பதை அந்த ஆவணங்களை வைத்து யாரும் சொல்ல முடியாது. எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு அவர் செய்ததுதான். வந்ததை அப்படியே பூஜையில் வைத்துவிடவில்லை. மீதி வாழ்நாளில் பெரும்பகுதியை அந்தப் படங்களைப் புரிந்துகொள்ளச் செலவிட்டார். ஆயிரக்கணக்கான பக்கங்கள் குறிப்பெழுதினார். தன் எழுத்துகளுக்கும் நிறங்களுக்கும் ஓர் அகராதியே தயாரித்தார். தான் இறந்து இருபது வருடம் வரை அவற்றைக் காட்டக்கூடாது என்றும் ஏற்பாடு செய்தார்.

இன்னொருவர் ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கி. 1913-ல் வெளியான நினைவுக்குறிப்பில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். அந்தி நேரத்தில் ஸ்டூடியோவுக்குத் திரும்பியபோது, உள்ளிருந்து ஒளிவீசுவது போன்ற ஓர் அற்புதமான படம் சுவரோரம் இருந்ததாம். பொருள் எதுவும் தெரியவில்லை, நிறமும் வடிவமும் மட்டும். அருகில் போய்ப் பார்த்தால், பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்த அவருடைய சொந்தப் படம். மறுநாள் பகல் வெளிச்சத்தில் அதே உணர்வைத் திரும்பப் பெற முயன்றார், பாதிதான் கிடைத்தது. படத்தைச் சாய்த்து வைத்தாலும் பொருள்கள் அடையாளம் தெரிந்துகொண்டே இருந்தன. ஆன்மிகத்தில் அவ்வளவு ஈடுபாடு கொண்டவர், கலையில் ஆன்மிகம் பற்றி ஒரு நூலே எழுதியவர், அந்த இடத்தில் 'யாரோ எனக்குச் செய்தி அனுப்பினார்கள்' என்று முடிவு கட்டவில்லை. பொருள்கள்தான் என் படங்களைக் கெடுக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். ஏறக்குறைய ஒரே மாதிரி அனுபவம், இரண்டு பேருக்கு இரண்டு முடிவு, இரண்டிலிருந்தும் பெரிய கலை வந்தது. உங்கள் முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும், அதற்குப் பிறகு அவர்கள் செய்த அளவுக்கு உழைப்பு வேண்டும் என்பதுதான் இதில் நான் கவனிப்பது.

மூன்று பறவைகளுக்கு அர்த்தம் தேடிக் குறியீட்டு அகராதிகளைப் புரட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். ஹில்மாவின் அகராதியில் நீலம் பெண்மை, மஞ்சள் ஆண்மை. அதே காலத்தில் ஜெர்மன் ஓவியர் ஃபிரான்ஸ் மார்க் 1910-ல் தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் நீலம் ஆண்மை, மஞ்சள் பெண்மை என்கிறார். இருவரும் தீவிரமானவர்கள், இருவரும் உள்ளே பார்த்துச் சொன்னவர்கள். நேரெதிரான பதில். ஒரு மரபுக்குள் நின்று வரைகிறீர்கள் என்றால் அந்த மரபு சொல்லும் பொருள் உங்களைக் கட்டுப்படுத்தும், அது சரி. மரபு எதற்குள்ளும் நிற்காமல் வரைந்த மூன்று பறவைகளுக்குப் பொதுவான ஒரு பொருள் எங்கும் காத்திருக்கவில்லை. காம்போசிஷன் கண்ணோடு பார்த்தால், இரண்டு பறவை ஜோடியாகிவிடும், நான்கு வரிசையாகிவிடும், மூன்றுதான் இயல்பாக நிற்கும். ஓவியர்கள் பலரும் மூன்று வைப்பதற்குக் காரணம் அவ்வளவுதான்.

பார்ப்பவர் யார் என்பதும் முக்கியம். 1990-ல் ஃபிராங்க் மெஷ்பெர்கர் என்ற அமெரிக்க மருத்துவர், சிஸ்டைன் சேப்பல் கூரையில் மைக்கேலாஞ்சலோ தீட்டிய ஆதாம் படைப்புக் காட்சியில், கடவுளைச் சூழ்ந்த போர்வையின் விளிம்பு மனித மூளையின் நெடுக்குவெட்டு போல இருப்பதாக ஒரு மருத்துவ இதழில் எழுதினார். பொருத்தம் வியப்பாகத்தான் இருக்கிறது. மைக்கேலாஞ்சலோ பிணங்களை அறுத்து உடற்கூறு படித்தவர் என்பதும் உண்மை. ஆனால் அவர் அப்படி நினைத்துத்தான் வரைந்தாரா என்பதை இனி யாரிடம் கேட்பது? கண்டுபிடித்தவர் மருத்துவர் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மைக்கேலாஞ்சலோ விஷயத்தில் கிடைக்காத வசதி உங்களுக்கு இருக்கிறது: வரைந்தவர் நீங்கள், இப்போது இருக்கிறீர்கள். எந்த நாள் எதை நினைத்து வரைந்தீர்கள், எப்போது முதலில் தெரிந்தது, அதற்கு முன்னால் என்ன படித்துக்கொண்டோ கேட்டுக்கொண்டோ இருந்தீர்கள் என்று இன்றே எழுதிவையுங்கள். சில மாதம் போனால் நினைவு கதையைத் திருத்த ஆரம்பித்துவிடும். 'முதல் கோட்டிலேயே எனக்குத் தெரியும்' என்று நாமே நம்பத் தொடங்கிவிடுவோம்.

அப்புறம் சில சோதனைகள். படத்தைக் கண்ணாடியில் பாருங்கள், தலைகீழாக வையுங்கள், கறுப்பு வெள்ளையில் போட்டோ எடுங்கள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு தூரத்திலிருந்து பாருங்கள். கறுப்பு வெள்ளையிலும் உருவம் நின்றால் அது டோன் அமைப்பிலேயே, அதாவது வெளிச்ச இருட்டு அளவிலேயே, இருக்கிறது. மறைந்தால் நிறம்தான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. எதுவும் சொல்லாமல் இரண்டு மூன்று பேரிடம் காட்டி, உங்கள் கண் எங்கே போகிறது என்று மட்டும் கேளுங்கள். 'இதில் ஏதாவது உருவம் தெரிகிறதா' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லோருக்கும் ஏதாவது தெரியும். யாருக்குமே தெரியவில்லை என்றாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. உருவம் கேன்வாஸில் இருக்கிறதா, அன்றைய உங்கள் மனநிலையில் இருந்ததா என்பதைத்தான் இவை சொல்லும். அது புனிதமா இல்லையா என்பதற்கு இவற்றில் பதில் கிடையாது.

தெளிவாக வரைந்துவிடலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். லியொனார்டோ சொன்னது இங்கேதான். கறை கற்பனையைத் தரும், முடிப்பது உங்கள் வேலை. அவசரத்தில் பெரும்பாலானோர் அந்த உருவத்துக்கு அவுட்லைன் போட்டு, கண் மூக்கு வைத்து, ஒளிவட்டத்தில் டைட்டானியம் வெள்ளையை அப்பிவிடுகிறார்கள். அதோடு மரம் செத்துவிடும், உருவமும் காலண்டர் படம் ஆகிவிடும். அது உயிரோடு இருப்பதே இரண்டாகவும் படிக்க முடிகிறது என்பதால்தான்: ஒரு கணம் வெளி, மறுகணம் ஆள். அந்த ஊசலாட்டத்தைக் காப்பாற்றப் பாருங்கள். உருவத்தைத் தொடாமல் அதைச் சுற்றி வேலை செய்யுங்கள். ஒரு பக்கக் கிளையின் விளிம்பைக் கூர்மையாக விட்டு, இன்னொரு பக்கத்தில் வானத்தோடு கரையவிடுங்கள். பின்னால் உள்ள வானத்தை ஒரு மெல்லிய குளிர்ந்த கிளேஸால் (கீழடுக்கு தெரியும்படியான நிறப் பூச்சால்) கொஞ்சம் அடக்கினால், நடுவிலிருக்கும் வெதுவெதுப்பு தானாக முன்னால் வரும். வட்டத்தை முழு வட்டமாக மூடாமல் ஓரிடத்தில் இலையால் உடையுங்கள். எதையும் செய்வதற்கு முன், கீழடுக்கு நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளைப் படத்தின் மேல் வைத்து அதில் பெயின்ட் போட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் துடைத்துவிடலாம், படத்துக்குச் சேதம் இல்லை. இதற்கு ஒரு விதிவிலக்கு: வழிபாட்டுக்காக வரையப்படும் படம். கிழக்குத் திருச்சபையின் ஐகான் எனப்படும் புனித ஓவியம் போன்ற மரபுகளில் குறியீடு சந்தேகமில்லாமல் வாசிக்கப்பட வேண்டும். அங்கே ஓவியரின் தனிப்பட்ட கண்டுபிடிப்புக்கு அவ்வளவு இடமில்லை. உங்கள் மரம் அந்த வகையில் வராது.

வெளியிலிருந்து வந்ததா என்பதற்கு, ஓவியத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்ல வழி கிடையாது. உங்கள் நம்பிக்கை, உங்கள் ஆன்மிகப் பயிற்சி, நீங்கள் மதிக்கும் பெரியவர் இவர்களிடம்தான் அந்தக் கேள்வி போக வேண்டும். நான் கவனிப்பது விளைவை மட்டும். உளவியலாளர் கார்ல் யுங் 1918–19 வாக்கில் தினமும் காலையில் ஒரு சிறிய வட்டப்படம் வரைந்து, அதைத் தன் அன்றைய மனநிலையின் அறிக்கையாகப் படித்தார். வானத்திலிருந்து வந்த ஆணையாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்படி எடுத்துக்கொண்டால் உங்கள் படமும் பயன்படும்: ஏன் இப்போது, ஏன் உட்கார்ந்த உருவம், வாழ்க்கையில் எது அமைதிக்கு ஏங்குகிறது என்று கேட்டுப் பார்க்கலாம். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தூக்கம் கெட்டு, எங்கு பார்த்தாலும் அடையாளங்கள் தெரிந்து, ஏதோ ஒன்று உங்களுக்குக் கட்டளையிடுவது போல உணர்ந்தால், ஓவியத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் தெரியவில்லை. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படலாம்.

காட்டும்போது விளக்கம் தேவையா என்றால், படத்துக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டாதீர்கள். ஒட்டினால் வருகிறவர்கள் மரத்தைப் பார்க்காமல் விடுகதைக்கு விடை தேடுவார்கள். தலைப்பும் 'தண்ணீர் ஓரத்து மரம், மாலை' என்ற அளவில் சாதாரணமாக இருக்கட்டும். யாராவது தானாகக் கண்டுபிடித்துக் கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: நான் நினைக்கவில்லை, பாதியில் தெரிந்தது, இவ்வளவு மட்டும் சேர்த்தேன். உங்களுக்கான குறிப்பைப் படத்தோடு வைத்துக்கொள்ள விரும்பினால், பின்பக்கச் சட்டத்தின் மரத்தில் பென்சிலால் தேதியோடு எழுதுங்கள். கேன்வாஸ் துணியின் முதுகில் மார்க்கரால் எழுதினால் மை நாளடைவில் முன்பக்கம் ஊறி வர வாய்ப்பிருக்கிறது.